பி.எஸ்சி. படிச்சுக்கிட்டே நீட்: ரெண்டு படகா, ஒரே படகா?

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டிருக்கிறது.)

நசரத்பேட்டை பஸ் ஸ்டாப்புல நின்னு ஒரு நிமிஷம் யோசிச்சுப் பாருங்க. உங்க முன்னால போற இந்த ரோடு பூந்தமல்லி நெடுஞ்சாலையோட தொடர்ச்சிதான். இதோட அந்தக் கோடியில, சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு எதிர்ல, 1835-ல தொடங்கின மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ். அங்கிருந்து மேற்கே வந்தா 1960-ல வந்த கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி. இன்னும் வந்தா வேலப்பன்சாவடியில ஏ.சி.எஸ்., நம்ம நசரத்பேட்டைப் பக்கம் பனிமலர், தாண்டிப் போனா தண்டலத்துல சவீதா. ஒரே ரோட்டுல இத்தனை மருத்துவக் கல்லூரி. ஆனா காலையில இதே ரோட்டுல பஸ்ல தொங்கிக்கிட்டு பி.எஸ்சி. ஜுவாலஜி, பயோகெமிஸ்ட்ரி, பாட்டனி கிளாசுக்குப் போற எத்தனையோ பேர், அந்த கேட்டுங்களை ஜன்னல் வழியா மட்டும்தான் பாக்குறாங்க. பையில செமஸ்டர் நோட்ஸும் இருக்கும், என்.சி.இ.ஆர்.டி. புத்தகமும் இருக்கும்.

இன்னைக்கு எபிசோட் அவங்களுக்குத்தான். போன வருஷம் நீட் எழுதி சீட் கிடைக்கல. வீட்ல "ஒரு வருஷம் சும்மா இருக்க வேணாம், ஏதாவது டிகிரியில சேரு"ன்னு சொன்னாங்க. சேந்தாச்சு. இப்போ காலேஜும் போகணும், நீட்டும் படிக்கணும். இது முடியுமா? முடியும்னா எப்படி? எந்த இடத்துல நிறுத்தணும்? இந்த மூணு கேள்வியத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

இது புதுசு இல்ல

அமெரிக்காவுல "ப்ரீ-மெட்"னு ஒரு பேச்சு இருக்கு. அங்க பிளஸ் டூ முடிச்ச உடனே நேரா மருத்துவம் படிக்கிறது அபூர்வம். நாலு வருஷம் ஒரு டிகிரி படிக்கணும், எந்த மேஜர் வேணா எடுக்கலாம், ஆனா உயிரியல், வேதியியல், இயற்பியல் பாடங்கள் முடிச்சிருக்கணும். அப்புறம் எம்-கேட்னு ஒரு தேர்வு. முக்கியமான விஷயம், அந்த டிகிரியில வாங்கின மார்க்கும் அட்மிஷன்ல எண்ணப்படும்.

நம்ம ஊர்லயும் ஒரு காலத்துல இதுமாதிரி இருந்துச்சு. 1907-ல மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல சேர்ந்த முத்துலட்சுமி ரெட்டி, அதுக்கு முன்னால புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில படிச்சுட்டுத்தான் வந்தாங்க. ஆண்கள் கல்லூரி அது. ஒரு பொண்ணு உள்ள வரக் கூடாதுன்னு எதிர்ப்பெல்லாம் இருந்துச்சு. உங்க தாத்தா, பாட்டி காலத்துல பி.யூ.சி. கல்லூரியிலதான் நடந்துச்சு. 1978-ல பிளஸ் டூ வந்த பிறகுதான் அது பள்ளிக்கூடத்துக்குப் போச்சு. 1984-லிருந்து 2006 வரைக்கும் மாநில நுழைவுத் தேர்வு. அப்புறம் பத்து வருஷம் பிளஸ் டூ மார்க் மட்டும். 2017-லிருந்து நீட்.

இந்த நீட் வந்த பிறகு என்ன ஆச்சுன்னா, சட்டத்துல எங்கயும் எழுதாத ஒரு "ப்ரீ-மெட்" வருஷம் தானா உருவாயிடுச்சு. நீதியரசர் ஏ.கே.ராஜன் குழு 2021-ல தமிழ்நாடு அரசுக்குக் கொடுத்த அறிக்கையில ஒரு கணக்கு இருக்கு. 2016-17-ல எம்.பி.பி.எஸ். சேர்ந்தவங்கள்ல 12.47 சதவீதம் பேர்தான் முந்தின வருஷம் பிளஸ் டூ முடிச்சவங்க. 2020-21-ல அது 71.42 சதவீதம். அதாவது சீட்டு வாங்கின பத்துப் பேர்ல ஏழு பேர், முதல் தடவையில வாங்கினவங்க இல்ல.

இந்த எண்ணை ரெண்டு விதமாப் படிக்கணும். முதல் தடவை வரலன்னா உங்களுக்கு மூளை கம்மின்னு அர்த்தம் இல்ல. ஏன்னா நீங்க போட்டி போட்டது உங்க வயசுப் பசங்களோட மட்டும் இல்ல, உங்களவிட ஒரு வருஷம், ரெண்டு வருஷம் கூடப் படிச்சவங்களோட. இது ஒண்ணு. இன்னொண்ணு, இந்தக் கூடுதல் வருஷத்துக்கு யார் பணம் கட்ட முடியும்ங்கிற கேள்வி. கோச்சிங் ஃபீஸ் கட்டி, ஒரு வருஷம் வீட்ல உக்கார வைக்க எல்லா வீட்டாலயும் முடியாது. முடியாத வீட்டுப் பிள்ளைங்கதான் பெரும்பாலும் டிகிரியில சேந்துக்கிட்டே எழுதுறாங்க.

டிகிரி வெயிட்டிங் ரூம் இல்ல

இப்ப முக்கியமான சிக்கலுக்கு வருவோம். அமெரிக்காவுல டிகிரி மார்க் கணக்குல வரும்னு சொன்னேன் இல்லையா? இங்க வராது. உங்க பி.எஸ்சி.யில நீங்க 90 சதவீதம் வாங்கினாலும் மருத்துவக் கலந்தாய்வுல அதுக்கு ஒரு மார்க்கூடக் கிடையாது. நீட் ரேங்க் மட்டும்தான். அதனால என்ன நடக்குது? "எப்படியும் மே மாசம் போயிடப் போறோம், எதுக்கு இங்க படிக்கணும்?"ங்கிற எண்ணம் வந்துடுது. கிளாசுக்குப் போறது கொறையும். 75 சதவீத அட்டெண்டன்ஸ் இல்லாம பரீட்சை எழுத முடியாத நிலைமை வரும். முதல் செமஸ்டர்லயே ரெண்டு அரியர். அப்புறம் நீட்டும் நினைச்ச மாதிரி வரல. ஜூன் மாசம் பாத்தா, கையில சீட்டும் இல்ல, டிகிரியும் கந்தல்.

படிக்கிற பிள்ளைக்கு இது புத்திசாலித்தனமான முடிவாத் தெரியும். ஆனா கணக்குப் போட்டுப் பாருங்க. 2025-ல நீட் எழுதினவங்க 22 லட்சத்துக்கு மேல. அதுல "தகுதி" பெற்றவங்க 12 லட்சத்துக்கு மேல. இந்தியா முழுக்க எம்.பி.பி.எஸ். இடம், அரசு தனியார் எல்லாம் சேத்து, ஒண்ணேகால் லட்சத்தை ஒட்டித்தான். அப்போ "நான் குவாலிஃபை ஆயிட்டேன்"ங்கிறதுக்கும் "சீட் கிடைச்சிடுச்சு"ங்கிறதுக்கும் நடுவுல பத்து மடங்கு தூரம் இருக்கு. இவ்வளவு தூரம் இருக்கிற ஒரு விஷயத்துக்காக, கையில இருக்கிற டிகிரியத் தூக்கிப் போடுறது சரியா?

அந்த டிகிரிக்குன்னு ஒரு மதிப்பு இருக்கு. அயப்பாக்கத்துல, நமக்குப் பக்கத்துலயே, ஐ.சி.எம்.ஆரோட தேசிய தொற்றுநோயியல் நிறுவனம் இருக்கு. சேத்துப்பட்டுல காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கு. 1950-கள்ல காசநோய் வந்தா சானடோரியத்துலதான் படுக்கணும்னு உலகமே நம்பிக்கிட்டிருந்தப்போ, வீட்ல இருந்தே மாத்திரை சாப்பிட்டாலும் அதே பலன் கிடைக்கும்னு ஆய்வு பண்ணி 1959-ல காட்டினது அந்தச் சேத்துப்பட்டு மையம்தான். இந்த மாதிரி இடங்கள்ல டாக்டர்கள் மட்டும் வேலை செய்யல. பயோகெமிஸ்ட்ரி, மைக்ரோபயாலஜி, ஸ்டாடிஸ்டிக்ஸ் படிச்சவங்களும் இருக்காங்க. தரமணியில சென்னைப் பல்கலைக்கழகத்தோட அடிப்படை மருத்துவ அறிவியல் வளாகம் இருக்கு. அங்க பி.எஸ்சி. முடிச்சவங்க மருத்துவம் சார்ந்த எம்.எஸ்சி. படிக்கலாம். அங்கெல்லாம் உள்ள நுழைய உங்க டிகிரி மார்க்தான் கேப்பாங்க.

இன்னொரு நடைமுறை விஷயம். ஆறாவதுல இருந்து பிளஸ் டூ வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்ச பொண்ணுங்களுக்குப் புதுமைப் பெண், பசங்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்துல மாசம் 1000 ரூபாய் வருது. அது காலேஜ்ல படிக்கிறவங்களுக்குத்தான். வீட்ல உக்காந்து படிச்சா வராது. பஸ் காசு, புத்தகக் காசுன்னு பாத்தா அது சின்னத் தொகை இல்ல. அதே அரசுப் பள்ளிப் பிள்ளைங்களுக்கு மருத்துவப் படிப்புல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-லிருந்து இருக்கு. அதுல சேர்றவங்க ஃபீஸை அரசே கட்டுது. நீங்க அந்த வரிசையில வர்றீங்கன்னா, உங்க போட்டி யாரோடன்னு தெளிவாத் தெரிஞ்சுக்கோங்க. பொதுப் பட்டியலோட கட் ஆஃபைப் பாத்து மனசு உடைஞ்சு போகாதீங்க.

எந்தப் பாடம் உதவும்?

ஏற்கெனவே சேந்தவங்களுக்கு இது லேட். இனிமே சேரப் போறவங்க கேளுங்க. ஜுவாலஜி, பாட்டனி, பயோகெமிஸ்ட்ரி, கெமிஸ்ட்ரி இதெல்லாம் நீட்டோட ஓரளவு ஒட்டிப் போகும். பயோகெமிஸ்ட்ரியில முதல் வருஷம் படிக்கிற புரதம், நொதி, கார்போஹைட்ரேட், நீட்ல பயாலஜிக்கும் உதவும், கெமிஸ்ட்ரிக்கும் உதவும். ஜுவாலஜியில விலங்குலகம், மரபியல் வரும்.

ஆனா ஒரு கண்ணி இருக்கு. ஜுவாலஜி முதல் வருஷம் முதுகெலும்பில்லாத உயிரிகளை ஒவ்வொரு தொகுதியா, உடல் அமைப்பு, வாழ்க்கைச் சுழற்சின்னு ஆழமாப் போவாங்க. நீட்ல அதே அத்தியாயத்துல இருந்து வர்ற கேள்வி, என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்துல ஒரு வரியில இருக்கிற விஷயமா இருக்கும். காலேஜ்ல பத்து மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதப் பழகின கை, நாலு ஆப்ஷன்ல ஒண்ணை நாப்பது நொடியில தேர்ந்தெடுக்கிறதுல தடுமாறும். அதனால காலேஜ் பாடம் படிச்ச அன்னைக்கே, அதே தலைப்புல நீட் பழைய கேள்வி ஒரு பதினஞ்சு போட்டுப் பாத்துடுங்க. ஒரே விஷயம் ரெண்டு விதமாக் கேக்கப்படும்போதுதான் அது உங்களுக்குச் சொந்தமாகும்.

பிசிக்ஸை மறந்துடாதீங்க. உயிரியல் டிகிரி படிக்கிறவங்க நிறைய பேருக்கு மூணு வருஷமும் பிசிக்ஸ் பக்கமே போக வேண்டிய அவசியம் இருக்காது. நீட்ல அது 45 கேள்வி, 180 மார்க். மறக்கிறதுக்கு ரொம்ப நல்ல வாய்ப்பு உள்ள பாடம் அதுதான். வாரத்துல நாலு நாளாவது அரை மணி நேரம் கணக்குப் போட்டே ஆகணும். படிச்சா பத்தாது. போடணும்.

வாரத்துக்கு 168 மணி நேரம்

"டைமே இல்ல"ன்னு சொல்றவங்க ஒரு தாள் எடுங்க. வாரத்துக்கு 168 மணி நேரம். தூக்கம் ஒரு நாளைக்கு ஏழுன்னா 49. காலேஜ் ஆறு நாள், நாளுக்கு ஆறு மணி நேரம்னா 36. பஸ் பயணம் போக வர ரெண்டு மணி நேரம்னு 12. குளிக்க, சாப்பிட, வீட்டு வேலை ஒரு நாளைக்கு மூணுன்னு 21. மொத்தம் 118. மிச்சம் 50.

அந்த 50-ல 14 மணி நேரத்தை ஓய்வுக்கு விடுங்க. ஃப்ரெண்ட்ஸ், சினிமா, சும்மா மொட்டை மாடியில நடக்கிறது எல்லாம் அதுல. இதை விடலன்னா மூணாவது மாசம் ஆள் காலியாயிடுவீங்க. காலேஜ் பாடத்துக்கு 10. மிச்சம் 26 மணி நேரம் நீட்டுக்கு.

ஜூலையில இருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும் 42 வாரம்னு வைங்க. செமஸ்டர் தேர்வுக்கு ஆறு வாரம் கழிச்சா 36. 36 வாரத்தை 26-ஆல பெருக்கினா 936 மணி நேரம். பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டும் சேத்து மூணு பாடத்துலயும் சுமார் 80 அத்தியாயம். ஒரு அத்தியாயத்துக்குப் பதினோரு, பன்னெண்டு மணி நேரம் வருது. படிக்க, கேள்வி போட, மறுபடி திருப்பிப் பாக்க எல்லாத்துக்கும் சேத்து. நீங்க புதுசாப் படிக்கல, ஏற்கெனவே ஒரு தடவை படிச்சதைத்தான் படிக்கிறீங்க. அப்போ இது போதும். தாராளம்னு சொல்ல மாட்டேன். போதும்.

ஆனா இந்தக் கணக்கு உடையுற இடம் ஒண்ணு இருக்கு. சமீப வருஷங்கள்ல நீட் மே மாசம் முதல் ஞாயித்துக்கிழமை நடக்குது. 2024-ல மே 5, 2025-ல மே 4. நம்ம ஈவன் செமஸ்டர் எழுத்துத் தேர்வு ஏப்ரல், மேயில. பிராக்டிகல் அதுக்கு முன்னாடி. ரெக்கார்டு நோட்டு, கையெழுத்து, வைவா எல்லாம் நீங்க மாக் டெஸ்ட் எழுத வேண்டிய அதே வாரங்கள்ல வந்து நிக்கும். இதுக்கு ஒரே வழி, புதுசாப் படிக்க வேண்டியது எல்லாத்தையும் ஜனவரிக்குள்ள முடிக்கிறது. பிப்ரவரியில நீட் விண்ணப்பம் வரும். சாதிச் சான்றிதழ், இருப்பிடச் சான்றிதழ் எல்லாம் அப்ப தேடக் கூடாது. ரெக்கார்டு நோட்டை ஒவ்வொரு லேப் முடிஞ்ச அன்னைக்கே எழுதி கையெழுத்து வாங்கிடுங்க. சின்ன விஷயம்தான். ஆனா மார்ச் மாசத்துல உங்களுக்கு ஒரு வாரம் மிச்சமாகும்.

இன்டர்னல் மார்க்கும் அப்படித்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தோட இணைஞ்ச கல்லூரிகள்ல 25 மார்க் இன்டர்னல், 75 மார்க் எக்ஸ்டர்னல்ங்கிற முறை பழக்கமானது. அந்த 25-ஐ ஒழுங்கா வாங்கி வச்சவங்க, ஏப்ரல்ல எக்ஸ்டர்னலுக்குப் பயந்து நடுங்க வேண்டியதில்ல. அசைன்மெண்ட், சி.ஏ. டெஸ்ட் இதெல்லாம் உங்களுக்கு இன்சூரன்ஸ் மாதிரி.

திரும்பத் திரும்பப் படிக்கிறது படிப்பு இல்ல

இப்ப எப்படிப் படிக்கிறதுங்கிறதுக்கு வருவோம். நம்ம ஊர்ல "நல்லாப் படிக்கிற பிள்ளை"ன்னா என்ன படம் மனசுல வரும்? புத்தகத்தைத் திறந்து வச்சு, மஞ்சள் ஹைலைட்டரால கோடு போட்டு, அஞ்சு தடவை படிக்கிற பிள்ளை. 2006-ல ரோடிகர், கார்ப்பிக்னு ரெண்டு உளவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல ஒரு சோதனை பண்ணாங்க. மாணவர்களுக்கு ஒரு சின்னக் கட்டுரை. ஒரு குழு அதை நாலு முறை படிச்சுது. இன்னொரு குழு ஒரே முறை படிச்சுட்டு, மிச்ச மூணு முறையும் புத்தகம் இல்லாம நினைவுல இருந்ததை எழுதிப் பாத்துச்சு.

அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா, நாலு முறை படிச்சவங்க ஜெயிச்சாங்க: 83 சதவீதம், மத்தவங்க 71. ஒரு வாரம் கழிச்சு வச்சா? நாலு முறை படிச்சவங்க 40 சதவீதம். எழுதிப் பாத்தவங்க 61.

இதுல ரொம்ப முக்கியமானது அந்த முதல் முடிவு. திரும்பப் படிக்கிறவங்களுக்கு அந்த நேரத்துல "எல்லாம் தெரிஞ்சிடுச்சு"ன்னு ஒரு நிம்மதி வரும். அது பொய் நிம்மதி. எழுதிப் பாக்குறவங்களுக்கு "ஐயோ, பாதி மறந்துடுச்சே"ன்னு எரிச்சல் வரும். அந்த எரிச்சல்தான் படிப்பு. நீட் அஞ்சு நிமிஷம் கழிச்சு நடக்கப் போறது இல்ல. பத்து மாசம் கழிச்சு நடக்கப் போகுது.

இதை பஸ்லயே பண்ணலாம். காலையில நசரத்பேட்டையில ஏறினதும் மொபைலை பையில போட்டுட்டு, நேத்து படிச்ச அத்தியாயத்தை மனசுக்குள்ள வரிசையாச் சொல்லிப் பாருங்க. சிறுநீரகம்னா, நெஃப்ரான்ல எங்க வடிகட்டுது, எங்க குளுக்கோஸ் திரும்ப உறிஞ்சப்படுது, ஏ.டி.எச். எங்க வேலை செய்யுது. எந்த இடத்துல தடுக்குதோ அதை மட்டும் ஸ்டாப் வந்ததும் புத்தகத்துல பாருங்க. வானகரம் சிக்னல்ல நிக்கிற நேரத்துலயே ஒரு அத்தியாயம் முடிஞ்சிடும். அந்த அளவுக்கு டிராஃபிக் நமக்கு உதவி பண்ணுது.

தப்புகளுக்கு ஒரு நோட்டு

ஞாயித்துக்கிழமை ஒரு மாக் டெஸ்ட். மூணு மணி நேரம், 180 கேள்வி, மதியம் ரெண்டு மணிக்கு. ஏன்னா உண்மையான தேர்வும் அந்த நேரத்துலதான். டெஸ்ட் எழுதறதவிட முக்கியம், அதுக்கப்புறம் உக்காந்து தப்புகளைப் பிரிக்கிறது. ஒவ்வொரு தப்பையும் மூணு கூடையில ஒண்ணுல போடுங்க. "தெரியவே தெரியாது" ஒண்ணு. "தெரியும், மறந்துட்டேன்" ஒண்ணு. "தெரியும், அவசரத்துல விட்டுட்டேன்" ஒண்ணு. முதல் கூடைக்கு மருந்து படிக்கிறது. ரெண்டாவதுக்கு மருந்து இடைவெளி விட்டுத் திரும்ப நினைவுபடுத்துறது. மூணாவதுக்கு எவ்வளவு படிச்சாலும் பலன் இல்ல. கேள்வியில "தவறானது எது"ங்கிற வார்த்தைக்கு அடிக்கோடு போடுற பழக்கம்தான் மருந்து. நிறைய பேர் மூணாவது கூடை நிரம்பி வழியும்போது, முதல் கூடைக்கான மருந்தைச் சாப்பிட்டுக்கிட்டே இருப்பாங்க. அதான் மார்க் ஏற மாட்டேங்குது.

நெகட்டிவ் மார்க் கணக்கும் தெரிஞ்சிருக்கணும். சரின்னா 4, தப்புன்னா 1 போகும். கண்ணை மூடிக்கிட்டு ஒரு ஆப்ஷன் அடிச்சா சராசரியாக் கிடைக்கிறது கால் மார்க்தான். 20 கேள்வி அப்படி அடிச்சா சராசரி அஞ்சு மார்க். ஆனா அன்னைக்கு ரெண்டு மட்டும் சரியாச்சுன்னா பத்து மார்க் போயிடும். ஒரு ஆப்ஷனைத் தைரியமா நீக்க முடிஞ்சா சராசரி முக்கால் மார்க்குக்குக் கொஞ்சம் கம்மி. ரெண்டை நீக்க முடிஞ்சா ஒன்றரை மார்க். அதனால "ரெண்டு ஆப்ஷனுக்கு நடுவுல குழப்பம்"னா விடாதீங்க, போடுங்க. "நாலும் ஒரே மாதிரி இருக்கு"ன்னா விட்டுட்டு நகருங்க. அந்த நேரம் வேற கேள்விக்கு வேணும்.

தமிழ்ல தேர்வு எழுதறவங்களுக்கு ஒரு வார்த்தை. கேள்வித்தாள் தமிழும் ஆங்கிலமும் சேந்துதான் வரும். மொழிபெயர்ப்புல குழப்பம் வந்தா ஆங்கிலக் கேள்விதான் இறுதின்னு விதியிலேயே இருக்கு. 2018-ல தமிழ் கேள்வித்தாள்ல 49 கேள்வியில மொழிபெயர்ப்புப் பிழைன்னு வழக்கு போச்சு. உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 196 மார்க் கருணை மதிப்பெண் கொடுக்கச் சொல்லுச்சு. உச்ச நீதிமன்றத்துல அது நிக்கல. அது நியாயமா இல்லையாங்கிறது வேற பேச்சு. நீங்க செய்ய வேண்டியது, தமிழ்ல படிங்க, ஆனா ஒவ்வொரு கலைச்சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லையும் பக்கத்துல எழுதி வைங்க. "இரைப்பை நீர்"னு படிக்கும்போதே "கேஸ்ட்ரிக் ஜூஸ்"னும் தெரிஞ்சிருக்கணும்.

மார்க்கைப் பாக்காதீங்க, ரேங்கைப் பாருங்க

2024-ல இறுதி முடிவுப்படி 17 பேர் 720-க்கு 720. 2025-ல முதல் இடமே 686. ஒரே தேர்வு, ஒரு வருஷ வித்தியாசம். அதனால "போன வருஷம் இவ்வளவு மார்க்குக்குக் கிடைச்சுச்சாம்"னு யூடியூப்ல யாராவது சொல்றதைப் பிடிச்சுக்கிட்டுத் தொங்காதீங்க. வினாத்தாள் கஷ்டமா இருந்தா எல்லாருக்கும்தான் கஷ்டம். நீங்க எங்க நிக்கிறீங்கன்னு சொல்றது ரேங்க் மட்டும்தான். அதுவும் உங்க பிரிவுல, தமிழ்நாட்டுப் பட்டியல்ல.

எத்தனை தடவை?

இப்ப கஷ்டமான கேள்வி. நீட்டுக்கு இப்போ மேல் வயசு வரம்பு இல்ல. எத்தனை தடவை வேணா எழுதலாம். கேக்க நல்லா இருக்கு. ஆனா கதவு திறந்தே இருக்கிற வீட்ல, எப்ப வெளிய போறதுன்னு நாமதான் முடிவு பண்ணணும். யாரும் நமக்கு "போதும்"னு சொல்ல மாட்டாங்க. கோச்சிங் சென்டர் நிச்சயமாச் சொல்லாது.

அந்த முடிவை ரிசல்ட் வந்த அன்னைக்கு எடுக்காதீங்க. அன்னைக்கு வீட்ல அழுகை இருக்கும், சொந்தக்காரங்க போன் பண்ணுவாங்க, நீங்களும் நிதானத்துல இருக்க மாட்டீங்க. ரிசல்ட்டுக்கு முன்னாடியே, ஜனவரியில, அப்பா அம்மாவோட உக்காந்து ஒரு தாள்ல எழுதுங்க. இன்னும் எத்தனை தடவை? அதுக்கு எவ்வளவு செலவு, யார் தர்றாங்க? மாக் டெஸ்ட்ல எந்த அளவுக்கு மேல போனா அடுத்த தடவை எழுதலாம்? போகலன்னா என்ன படிக்கிறோம்? "அப்பா, இந்த வருஷமும் வரலன்னா நான் டிகிரியை முடிச்சு எம்.எஸ்சி. பண்றேன், நீங்களும் அதைத் தோல்வின்னு சொல்லக் கூடாது"ன்னு வாய்விட்டுச் சொல்லணும். அவங்களும் சரின்னு சொல்லணும். அந்த ஒரு வாக்கியம் வீட்ல பேசப்படாததாலதான் நிறைய பிள்ளைங்க ரெண்டாவது, மூணாவது தடவை பயத்துல எழுதுறாங்க.

மாற்று வழிகளையும் அந்தத் தாள்லயே எழுதுங்க. கால்நடை மருத்துவத்துக்குத் தமிழ்நாட்டு ஒதுக்கீட்டு இடங்கள் பிளஸ் டூ மார்க் வச்சுத்தான் நிரப்புறாங்க. வேப்பேரியில 1903-ல தொடங்கின கால்நடை மருத்துவக் கல்லூரி நம்ம ஊர்லதான் இருக்கு. நர்சிங், துணை மருத்துவப் படிப்புகள் இருக்கு. நோயாளி பக்கத்துல நிக்கணும்ங்கிறது உங்க ஆசைன்னா, அதுக்கு ஒரே கதவுதான்னு யாரும் சொல்லல. டாக்டர்ங்கிற பட்டம்தான் ஆசைன்னா, அதையும் நேர்மையா ஒத்துக்கிட்டு முடிவு பண்ணுங்க. ரெண்டுமே தப்பில்ல. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்ல.

நடுவுல சீட் கிடைச்சா? டிகிரியில இருந்து டி.சி. வாங்கிட்டுப் போகலாம். மாணவரோட ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடிச்சு வச்சுக்கக் கூடாதுன்னு யு.ஜி.சி. 2018-லயே தெளிவாச் சொல்லியிருக்கு. அதனால சேரும்போது எதைக் கொடுக்கிறீங்க, எதுக்கு ரசீது வாங்குறீங்கன்னு கவனமா இருங்க.

ஒரு விஷயம், மெதுவா

அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவை உங்களுக்குத் தெரியும். 2017-ல பிளஸ் டூவுல 1200-க்கு 1176. அந்தப் பொண்ணுக்கும், அதுக்கப்புறம் நாம இழந்த மத்த பிள்ளைங்களுக்கும் அறிவு குறைவா இருந்துச்சுன்னு யாராலயும் சொல்ல முடியாது. ஒரு தேர்வு ஒரு மனுஷனை அளந்து முடிச்சிடாது. தூக்கம் வரல, சாப்பாடு இறங்கல, எதுக்கு இருக்கோம்னு தோணுதுன்னா, அது படிப்புப் பிரச்சினை இல்ல. அதுக்கு டைம் டேபிள் போட வேணாம். யார்கிட்டயாவது பேசணும். டெலிமானஸ் எண் 14416, தமிழ்நாடு அரசோட உதவி எண் 104. தமிழ்லயே பேசலாம். காசு கிடையாது. உங்க கூட படிக்கிற ஒருத்தர் திடீர்னு கிளாசுக்கு வர்றதை நிறுத்திட்டாலும், மெசேஜுக்குப் பதில் போடலன்னாலும், நேர்ல போய்ப் பாத்துட்டு வாங்க.

இந்த வாரம் என்ன பண்ணலாம்?

மூணு வேலை. ஒண்ணு, அந்த 168 மணி நேரக் கணக்கை உங்க வாழ்க்கைக்குப் போட்டுப் பாருங்க. என் எண்களை அப்படியே எடுத்துக்காதீங்க. பார்ட் டைம் வேலைக்குப் போறவங்களுக்கு 26 வராது, 15-தான் வரும். பரவாயில்ல, 15-க்குத் திட்டம் போடுங்க. ரெண்டு, ஒரு பழைய நீட் கேள்வித்தாளை முழுசா எழுதி, தப்புகளை மூணு கூடையில பிரிங்க. மூணு, வீட்ல அந்தப் பேச்சை ஆரம்பிங்க. முழுசாப் பேசி முடிக்க வேணாம், ஆரம்பிச்சாப் போதும்.

ரெண்டு படகுல கால் வைக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லுவாங்க. ஆனா டிகிரியையும் நீட்டையும் ஒழுங்காக் கட்டினா அது ரெண்டு படகு இல்ல. கட்டுமரம். ரெண்டு மரத்தையும் சேத்துக் கட்டுற கயிறுதான் உங்க டைம் டேபிள். கயிறு தளர்ந்தாத்தான் ஆபத்து.

கேள்வி இருந்தா அனுப்புங்க. முக்கியமா, பிசிக்ஸ் பத்தி நிறைய பேர் கேட்டிருக்கீங்க. அடுத்த எபிசோட் அதுக்குத்தான்.